வினை, இனம், சார்பு: ஆங்கிலம் வழியே ஜெர்மனுக்குப் போகும் தமிழர்

வடமதுரையிலும் வேடசந்தூர்ப் பக்கத்திலும் உள்ள நூற்பாலைகளில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் ‘கார்டிங்’ என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சைப் பிரித்து, தூசும் துரும்பும் நீக்கி, இழைகளை ஒரே திசையில் சீவிப் படியவைத்து, விரற்பருமனில் கயிறாகக் கேனுக்குள் இறக்கும் இயந்திரம் அது. ஜெர்மனியின் டிரூட்ஷ்லர் நிறுவனம் செய்த கார்டிங் இயந்திரங்கள் தமிழகத்து ஆலைகளில் நிறையவே ஓடுகின்றன. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘கார்டு’. ரேஷன் கார்டும் அதே கார்டுதான். எழுத்திலும் ஒலியிலும் வேற்றுமை கிடையாது. ஜெர்மன்காரருக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். சீவும் இயந்திரம் ‘கார்டே’, அட்டை ‘கார்ட்டே’. முன்னது ஒரு முட்செடியின் பெயர்; அதன் காய்ந்த தலையை வைத்துத்தான் ஐரோப்பாவில் ஒருகாலத்தில் கம்பளித் துணியைச் சீவினார்கள். பின்னது தாளைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தபோது இரண்டுக்கும் ஒரே உருவம் வாய்த்துவிட்டது.

அந்த ஆலைக்குள்ளேயே இன்னும் நான்கடி நடந்தால் போதும். ‘நாற்பதாம் கவுண்ட் நூல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘கவுண்ட்’ எண்ணுவதையும் குறிக்கும், ஐரோப்பியப் பிரபு ஒருவரையும் குறிக்கும், நூலின் நயத்தையும் குறிக்கும். ஜெர்மனில் எண்ணுவது ‘ட்ஸேலன்’, பிரபு ‘கிராஃப்’, நூலின் கவுண்ட் ‘கார்ன்நும்மர்’. ‘மில்’ என்பது மாவரைப்பதாக இருந்தால் ‘ம்யூலே’, நூல் நூற்பதாக இருந்தால் ‘ஷ்பின்னரை’. நூற்பதைச் சொல்லும் ‘ஷ்பின்னன்’ என்ற வினைக்கு ஜெர்மன் பேச்சுவழக்கில் கிறுக்குத்தனமாக நடந்துகொள்வது என்றும் பொருள் உண்டு. ஆலையில் வேலை செய்ய வந்த ஒருவர், ‘நான் நூற்கிறேன்’ என்று சொல்ல நினைத்து வேறொன்றைச் சொல்லிவிடக்கூடும்.

திண்டுக்கல் ஊருக்குள் வந்தால் பூட்டு. 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற கைவினை. நல்லாம்பட்டி, குரும்பபட்டி, நாகல்நகர்ப் பட்டறைகளில் கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டை ஜெர்மனியில் விற்க ஒருவர் விலைப்பட்டியல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ‘லாக்’ என்ற சொல் சுருள்முடியையும் குறிக்கும், கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகையும் குறிக்கும். ஜெர்மனில் முடி ‘லொக்கே’, மதகு ‘ஷ்லாய்ஸே’, பூட்டு ‘ஷ்லோஸ்’. சரி, ‘ஷ்லோஸ்’ என்று எழுதிவிடலாமா? அந்தச் சொல்லுக்கு அரண்மனை என்றும் பொருள். படைக்கான அரணாகிய நம் மலைக்கோட்டையை ஜெர்மன்காரர் ‘ஷ்லோஸ்’ என்று சொல்லமாட்டார், மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் சொல்வார். ஆகவே தொங்கவிடும் பூட்டு என்று பொருள்படும் கூட்டுச்சொல்லை எழுதினால்தான் ஐயமில்லாமல் நிற்கும். பூட்டுக்குள் இருக்கும் ‘ஸ்பிரிங்’ ஆங்கிலத்தில் வசந்தகாலமாகவும் நீரூற்றாகவும் இருக்கும். ஜெர்மனில் வசந்தம் ‘ஃப்ரூலிங்’, ஊற்று ‘க்வெல்லே’, பூட்டின் சுருள் ‘ஃபேடர்’. இந்த ‘ஃபேடர்’ பறவையின் இறகையும் குறிக்கும், இறகால் எழுதிய காலத்தின் நினைவாக எழுதுகோலின் முனையையும் குறிக்கும். நாக்காக நீண்டு கதவைப் பிடிக்கும் ‘போல்ட்’ அங்கே ‘ரீகல்’. மரையாணியாகிய போல்ட்டுக்கு வேறு சொல். ‘லீவர்’ பொதுவாக ‘ஹேபல்’, ஆனால் பூட்டுக்குள் இருக்கும் லீவருக்குப் பூட்டுக்காரர்களின் சொல் ‘ட்ஸூஹால்டுங்’, மூடியபடி பிடித்திருப்பது என்று பொருள். கைக்குள் அடங்கும் ஒரு பொருள்தான். அதன் உறுப்புகளுக்கான ஆங்கிலப் பெயர்களில் ஒன்றாவது அகராதியைத் திறந்ததும் ஒரே விடை தருமா என்று பார்த்தால், தரவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 டிசம்பர் 5 அன்று இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு, இந்தியத் திறன்தொழிலாளருக்கான விசாவை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. செவிலியர் படிப்பு முடித்த பெண்களும் பொறியியல் முடித்த பிள்ளைகளும் ஜெர்மன் கற்கிறார்கள். செவிலியராகப் பதிவுபெற அங்கே பெரும்பாலும் பி2 நிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள். இவர்களில் பலர் கற்பது ஆங்கில விளக்கமுள்ள புத்தகத்தில், ஆங்கிலம்–ஜெர்மன் அகராதியின் துணையோடு, ஆங்கிலத்தில் விளக்கும் செயலியின் வழியாக. தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அங்கிருந்து ஜெர்மனுக்கு இன்னொரு தாவல். அந்த நடு மொழியின் பல்பொருட் சொற்கள்தான் இவர்களின் காலை வாரிவிடுகின்றன. நான் சொல்ல வருவது இதுதான்: நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஆங்கிலம் ஒன்றாகக் குவித்துவைத்திருக்கும் பொருள்களைத் தமிழ் பல இடங்களில் ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கிறது, அதுவும் ஜெர்மன் பிரிக்கும் அதே கோட்டில்.

இதற்குச் சான்றாக ‘இஃப்’ என்ற சிறு சொல்லைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது நிபந்தனையையும் சொல்லும், ஐயத்தையும் சொல்லும். மழை வந்தால் போகமாட்டேன் என்பதற்கும் ‘இஃப்’, மழை வருமா என்று தெரியவில்லை என்பதற்கும் ‘இஃப்’. ஜெர்மனில் முன்னதற்கு ‘வென்’, பின்னதற்கு ‘ஒப்’. ஆங்கிலம் வழியே கற்பவருக்கு இது ஒரு தனிப் பாடம். பயிற்சித்தாள், விதிவிலக்கு, தேர்வில் தவறு என்று நீளும். தமிழ் வழியே கற்பவருக்கு ஒரு வரி போதும்: ‘ஆல்’ வந்தால் வென், ‘ஆ என்று’ வந்தால் ஒப். டாக்டர் வந்தால் சொல்லுங்க, வென். டாக்டர் வருவாரா என்று தெரியலை, ஒப். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூடத் தமிழில் இவ்விரண்டையும் ஒருநாளும் குழப்பியதில்லை.

‘எப்போது’ என்பதற்கான ஆங்கிலச் சொல் இன்னும் மோசமான பொறி. ஆங்கிலத்தின் ‘வென்’ ஜெர்மனில் மூன்றாகப் பிரியும். கேள்வியாக இருந்தால் ‘வன்’. முடிந்துபோன ஒரே ஒரு நிகழ்ச்சியாக இருந்தால் ‘அல்ஸ்’. திரும்பத் திரும்ப நடப்பதாகவோ இனி நடக்கப்போவதாகவோ இருந்தால் ‘வென்’. ஆங்கிலச் சொல்லும் இந்தக் கடைசிச் சொல்லும் நம் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால், கற்பவர் மூன்று இடத்திலும் ‘வென்’ போட்டுவிடுகிறார். தமிழில் எப்போது, போனபோது, போகும்போதெல்லாம் என்று மூன்றும் தனித்தனி உருவத்தில் நிற்கின்றன. பெயரெச்சத்தின் காலத்தைப் பார்த்தாலே போதும். இறந்தகாலப் பெயரெச்சத்தோடு ‘போது’ வந்தால் பெரும்பாலும் அல்ஸ். ‘போகும்போது’, ‘வரும்போதெல்லாம்’ என்றால் வென்.

‘ஒன்லி’க்கு ஜெர்மனில் ‘நூர்’, ‘எர்ஸ்ட்’ என்று இரண்டு. முன்னது அளவுக்கு வரம்பு கட்டும். பின்னது காலத்தில் ‘இதற்கு முன் இல்லை’ என்று சொல்லும். ஆங்கில இலக்கண நூல்கள் இதை விளக்கப் பக்கங்களைச் செலவழிக்கின்றன. தமிழருக்கு ஒரு சோதனை போதும். அந்த இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பார்க்க வேண்டும். ‘நாளைக்கு மட்டும் வருவான்’ என்றால் மற்ற நாள் வரமாட்டான், அது நூர். ‘நாளைக்குத்தான் வருவான்’ என்றால் இன்றைக்கு எதிர்பார்க்காதே என்று பொருள், அது எர்ஸ்ட். ‘மணி எட்டுதான் ஆகுது’ என்ற வாக்கியத்தில் ‘மட்டும்’ ஒட்டவே ஒட்டாது. அங்கே எர்ஸ்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இன்னும் உண்டு. நேரமும் தடவையும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஜெர்மனில் ‘ட்ஸைட்’, ‘மால்’. வாழ்வதும் குடியிருப்பதும் அங்கே ஒன்று. ஜெர்மனில் ‘லேபன்’, ‘வோனன்’. பணத்தைச் செலவழிப்பதும் பொழுதைக் கழிப்பதும் ஆங்கிலத்தில் ஒரே வினை. தமிழிலும் ஜெர்மனிலும் இரண்டு. வீட்டுச் சுவரும் கோட்டை மதிலும் அப்படித்தான்.

‘யூ’வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லாத மொழியில் புழங்கிவிட்டு ஜெர்மனுக்குப் போனால் ‘டு’வும் ‘ஸீ’யும் தடுமாற வைக்கும். நம் பக்கத்தில் வயதில் மூத்தவரை, முன்பின் தெரியாதவரை, ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லாத பிள்ளை ஏது? அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் ‘ஸீ’ தானாக வரும். இரண்டு மொழிகளும் ஒன்றுபடும் இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது: அடியார் கடவுளை ‘நீ’ என்கிறார், ஜெர்மன்காரரும் செபத்தில் ‘டு’ என்றே அழைக்கிறார்.

சொல் ஒன்று, பொருள் பல என்ற சிக்கலுக்கு நம் இலக்கணத்தில் பெயரும் உண்டு, வழிமுறையும் உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இதைப் ‘பலபொருள் ஒருசொல்’ என்கிறது. அதை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில், எந்தப் பொருள் என்பதை வினையும் இனமும் சார்பும் காட்டிக்கொடுக்கும். உரையாசிரியர்கள் எடுத்துக்கொண்டது ‘மா’ என்ற சொல்லை. மரமும் அது, விலங்கும் அது. பூத்தது என்ற வினை வந்தால் மரம். மருதமரத்தோடு சேர்த்துச் சொன்னால் இனத்தால் மரம். போருக்குக் கவசமணிந்து நிற்பவன் ‘மா’ கொண்டுவா என்றால் சார்பால் குதிரை. இரண்டாம் வகையில், இரண்டு பொருளுக்கும் பொதுவான வினை வந்து நின்றால் எதுவும் உதவாது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா, குதிரையா? அப்போது சொல்பவர்தான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மாமரம் என்று. ‘ஷ்லோஸ்’ என்பதைத் தொங்குபூட்டு, கதவுப்பூட்டு என்று கூட்டுச்சொல்லாக்கிச் சொல்லும் ஜெர்மன் வழக்கமும் இதே விதியின்படிதான் நடக்கிறது. திவாகரம், சூடாமணி போன்ற நிகண்டுகள் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கென்று ஒரு தொகுதியையே ஒதுக்கின. 1732-இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியின் பெயரகராதி, ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களை அகரவரிசையில் அடுக்கித் தந்தது.

சார்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு எங்கள் ஊர்ப்பெயரே சாட்சி. ஆழ்வார் பாசுரத்தில் வடமதுரை என்றால் யமுனைக்கரையில் உள்ள கண்ணன் பிறந்த ஊர். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நடத்துநர் வடமதுரை என்று கூவினால் திருச்சி சாலையில் உள்ள எங்கள் ஊர். பெருமாள், கோயில், உற்சவம் என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் யமுனைக்கரை என்று ஒரு விதி செய்துகொள்ளலாமா? முடியாது. எங்கள் ஊரிலும் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார்.

மருத்துவமனைக்கு வருவோம், அங்கேதான் தவறுக்கு விலை அதிகம். ஆங்கிலச் சொற்கள் தமிழில் புழங்கும்போது தங்கள் பொருள்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றோடுதான் வருகின்றன. ‘டிஸ்சார்ஜ்’ என்றால் நமக்கு வீட்டுக்கு அனுப்புவது மட்டும்தான். ஆங்கிலக் குறிப்பேட்டில் அது புண்ணிலிருந்து வடியும் நீரையும் குறிக்கும். ஜெர்மனில் வீட்டுக்கு அனுப்புவது ‘என்ட்லாஸுங்’, புண்ணில் வடிவது ‘ஸெக்ரேட்’. ‘ஸ்டேஷனுக்குப் போறேன்’ என்று வடமதுரையில் ஒருவர் சொன்னால் ரயிலடியா, காவல் நிலையமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். ஜெர்மன் மருத்துவமனையில் ‘ஷ்டட்ஸியோன்’ என்றால் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு. ‘ஸ்டூல்’ உட்காரும் முக்காலியாகவும் இருக்கும், சோதனைக்குக் கொடுக்கும் மலமாகவும் இருக்கும். ஜெர்மனில் முக்காலி ‘ஹொக்கர்’, மலம் ‘ஷ்டூல்’. அந்த ‘ஷ்டூல்’தான் அங்கே சாதாரண நாற்காலிக்கும் பெயர். மருந்துச்சீட்டும் சமையல் குறிப்பும் அங்கே ஒரே சொல், ‘ரெட்ஸெப்ட்’. செவிலியரை நாம் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவதுபோல ஜெர்மன்காரரும் நெடுங்காலம் ‘ஷ்வெஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். இன்னமும் வாயில் வருகிறது. 2020 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் ‘ஃபிளேகேஃபாக்ஃப்ரவ்’ என்ற தொழிற்பெயரைத் தந்திருக்கிறது. கவனிப்பில் திறன்பெற்ற பெண் என்று பொருள். உறவுப்பெயர் போய்த் தொழிற்பெயர் வந்ததை நான் நல்லதாகவே பார்க்கிறேன். கூலியும் மதிப்பும் தொழிற்பெயரோடுதான் வரும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் ஜெர்மனில் ‘கேயன்’, ‘ஃபாரன்’ என்று இரண்டு வினை. நமக்கு எல்லாமே போவதுதான். ஒரு செய்தி தெரிவதும் ஒரு மனிதரைத் தெரிவதும் அங்கே ‘விஸ்ஸன்’, ‘கென்னன்’. நமக்கும் ஆங்கிலத்துக்கும் ஒன்றே. ‘கேள்’ என்ற வினையோ இன்னும் விரிவானது: காதில் விழுவது, வினவுவது, வேண்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆங்கிலம் இங்கே ஓரளவு பிரித்துத் தருகிறது. ஆனாலும் வினவுவதையும் வேண்டுவதையும் ‘ஆஸ்க்’ என்ற ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஜெர்மனில் ‘ஃப்ராகன்’, ‘பிட்டன்’ என்று அதுவும் இரண்டு.

இயந்திரத்தின் கதையும் இதே தடத்தில்தான் போயிருக்கிறது. 1949-இல் அமெரிக்க அறிவியலாளர் வாரன் வீவர் எழுதிய குறிப்பு ஒன்றில், ஒரு சொல்லைத் தனியே பார்த்தால் பொருள் தெரியாது, அதன் இருபுறமும் சில சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யோசனை சொன்னார். இனமும் வினையும்தான். வியன்னாவில் பிறந்த தத்துவ அறிஞர் யெஹோஷுவா பார்-ஹில்லெல் 1960-இல் அதை மறுத்தார். ‘பென்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுதுகோல் என்றும் பொருள், குழந்தையை விளையாட விடும் அடைப்பு என்றும் பொருள். பெட்டி ஒன்று அதற்குள் இருக்கிறது என்று சொன்னால் எது என்பதை மனிதர் உடனே அறிவார், எழுதுகோலுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவால். இயந்திரத்துக்கு அந்த அறிவை எப்படிப் புகட்டுவது என்று கேட்டார். நம் பக்கத்தில் இதே சொல்லுக்கு ஆட்டுப்பட்டி என்றும் எழுதலாம், பேனா என்றும் எழுதலாம். ஜெர்மனில் ‘லவுஃப்ஷ்டால்’ என்றும் ‘ஃபேடர்’ என்றும். பார்-ஹில்லெல் எழுப்பிய கேள்வி சார்பைப் பற்றியது.

2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற கட்டமைப்பை அறிமுகப்படுத்தினார்கள். இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பெரும்பாலும் நிற்பது அதன்மேல்தான். அந்தக் கட்டுரையில் அதன் திறனைக் காட்ட எடுத்துக்கொண்ட முதன்மையான சோதனை, ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பது. பயிற்சிக்கு ஏறக்குறைய 45 லட்சம் இணைவாக்கியங்கள். வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் மற்ற ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு பார்க்க வேண்டும் என்று கணக்கிடுவதே அதன் உத்தி. தூரத்தில் நிற்கும் வினைகூடப் பெயரின் பொருளைத் தீர்மானிக்கலாம். இந்த வேலைக்கு ஆங்கிலம்–ஜெர்மன் வாய்ப்பானது. ஐரோப்பிய நாடாளுமன்ற நடவடிக்கைகளே இரு மொழியிலும் மலைபோல் கிடக்கின்றன. தமிழ்–ஜெர்மனுக்கு அப்படியொரு குவியல் கிடையாது. அதனால் ஆங்கிலத்தை நடுவில் வைத்து இரண்டு முறை மொழிபெயர்ப்பது இயந்திரங்களின் நீண்டகால வழக்கம். ‘நீங்கள்’ நடுவில் ‘யூ’ ஆகிவிட்டால், அப்புறம் ‘டு’வாக வெளியே வருமா ‘ஸீ’யாக வருமா என்பது ஊகம்தான். ‘வந்தால்’, ‘வருவாரா என்று’ இரண்டும் நடுவில் ‘இஃப்’ ஆகிவிட்டால், தமிழ் கொடுத்த தெளிவு அங்கேயே தொலைந்துவிடுகிறது. பிள்ளைகள் படும் பாட்டைத்தான் இயந்திரமும் படுகிறது.

ஆங்கிலம் இந்த நடுவிடத்துக்கு எப்படி வந்தது? தொடக்கத்தில் அது அங்கே இல்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1708-இல் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் நேரே ஜெர்மனில் பெயர்த்தார். பின்னர் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மனாக்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சாயின. அவர்களின் சமயம், வழக்கம், வாழ்க்கை பற்றிய கேள்விகளுக்கு அவர்களே சொன்ன விடைகள். இந்தச் சொற்கள் எதுவும் ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போகவில்லை.

திருப்பம் சென்னை வேப்பேரியில் நடந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுப்பொறி, வேப்பேரியில் பணியாற்றிய யோகான் பிலிப் ஃபாப்ரீசியுஸ் என்ற ஜெர்மானியப் போதகரிடம் வந்து சேர்ந்தது. 1779-இல் அவர் வெளியிட்ட தமிழ் அகராதி, பொருள் சொன்னது ஆங்கிலத்தில். ஆட்சி கும்பினியுடையது, வாங்குவோரும் ஆங்கிலேயர். அவரைக் குறைசொல்ல முடியாது. 1834 தொடங்கி வெளிவந்த, ராட்லர் என்ற போதகரின் பேரகராதியும் அப்படியே. தமிழை நேரே ஜெர்மனில் நினைத்துப் பார்த்த கைகளே தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் ஆங்கிலத்தை உட்காரவைத்தன. அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

நேர்வழி முற்றாக அடைபட்டுவிடவும் இல்லை. திருக்குறளுக்கு 1803-இல் கேமரர் ஒரு ஜெர்மன் பெயர்ப்பு செய்தார். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்த கார்ல் கிரவுல் 1856-இல் இன்னொன்றை லைப்சிக்கில் வெளியிட்டார். ‘பொருள்’ என்ற ஒரு சொல் அவரை எவ்வளவு நேரம் உட்காரவைத்திருக்கும்! செல்வம், சொல்லின் கருத்து, தொடக்கூடிய பண்டம், மெய்ம்மை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நூலின் துணைத்தலைப்பில் அவர் அறம், பொருள், இன்பம் என்று மூன்றையும் தனித்தனியே பெயர்க்காமல், மனிதர் நாடும் மூன்று குறிக்கோள்கள் என்று பொதுவாக எழுதினார். அதே நூலை லத்தீனிலும் பெயர்த்தார். அது அவர் மறைவுக்குப் பின் 1865-இல் வந்தது. ஒரு மொழியில் ஒரு பொருள் நழுவினால் இன்னொன்றில் பிடிக்கலாம். 1977-இல் லலிதாம்பாளும் ஆல்பிரெக்ட் ஃபிரென்ஸும் சேர்ந்து செய்த ஜெர்மன் திருக்குறள் மதுரையிலிருந்தே வெளிவந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவர், ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவர் என்று இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து செய்த வேலை. நாம் பின்பற்ற வேண்டிய முறை இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்று தேவைப்படுவது பெரிய பேரகராதி இல்லை. மருத்துவமனைக்கு ஒன்று, ஆலைக்கும் பட்டறைக்கும் ஒன்று என்று கையடக்கமான தமிழ்–ஜெர்மன் அகராதிகள் போதும். காந்திகிராமம் போன்ற ஒரு பல்கலைக்கழகம் எடுத்துச் செய்யலாம். பல ஆண்டு அங்கே பணிசெய்து ஊர் திரும்பும் செவிலியர்கள் உட்கார்ந்து சரிபார்க்கலாம். சொல்லுக்கு நேரே சொல் என்று அடுக்காமல் வினை, இனம், சார்பு என்ற மூன்றையும் கொண்டு பதிவுகளை அமைக்க வேண்டும்.

‘கேள்’ என்ற பதிவை எடுத்துக்கொண்டால், சத்தம், பாட்டு, இருமல் ஆகியவை இனமாக வந்தால் ‘ஹோரன்’. ‘வலிக்குதான்னு கேட்டாங்க’ என்று கேள்வி முன்னே வந்தால் ‘ஃப்ராகன்’. ‘தண்ணி கேட்டார்’ என்று வேண்டும் பொருள் முன்னே வந்தால் ‘பிட்டன்’. வேண்டுவது உரிமையாகவோ விலையாகவோ இருந்தால், ‘நூறு ரூபாய் கேட்டான்’ என்பதுபோல, ‘ஃபெர்லாங்கன்’. ‘சொன்னபடி கேட்க மாட்டேங்கிறான்’ என்றால் கீழ்ப்படிவதைக் குறிக்கும் ‘கெஹோர்ஹன்’. இவ்வளவும் எந்த வகுப்பிலும் ஒருவழியாகக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஐந்தையும் தாண்டி ஆறாவது ஒன்று இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய், ‘காய்ச்சல் மருந்துக்குக் கேட்கலை, சிஸ்டர்’ என்கிறார். இங்கே காதும் இல்லை, கேள்வியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. இதற்கு ஜெர்மன் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வினை ‘அன்ஷ்லாகன்’. மருந்து பிடிக்கவில்லை என்று எழுவாயை மாற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கில அகராதி வழியே போனால் இந்த வரிக்குப் போய்ச் சேரவே முடியாது. மருத்துவமனை அகராதியில் ‘கேள்’ என்பதன் கீழ் முதலில் எழுத வேண்டியது இது.